ராஜாவின் கைக்குள் இருபது உளுந்து

ஆற்றுக்கு இன்னும் பேர் வைக்காத காலம் அது. அந்த ஆற்றங்கரையில் ஒரு ராஜா இருந்தார். கெட்ட ராஜா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்லவர். மிகவும் நல்லவர். இந்தக் கதையே அதனால்தான் வந்தது.

அவருடைய அப்பா கண்ணை மூடும்போது மகனைக் கிட்டே கூப்பிட்டு, "ராஜாவின் கை சும்மா இருக்கக் கூடாதப்பா" என்றார். அதற்கு மேலும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உயிர் போய்விட்டது. மகன் காதில் விழுந்த மட்டும் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் கை சும்மா இருக்கவில்லை.

குயவர் தெருவுக்குப் போனார். சுற்றுகிற சக்கரத்தில் கை வைத்தார். பானைக்கு இரண்டு வாய் வந்தது. கோயிலுக்குப் போனார், மணியின் நாக்கு இப்படி ஆடுகிறதே, விழுந்துவிடுமே என்று இழுத்துக் கட்டினார், மணி ஊமையாகிவிட்டது. ஒரு வீட்டில் பிரசவம் என்று கேள்விப்பட்டு வாசலில் போய் நின்றார். தாய்க்குத் தைரியம் வரட்டும் என்று முரசு கொட்டச் சொன்னார். வர இருந்த பிள்ளை பயந்துபோய் ஒரு நாள் தள்ளி வந்தது.

பட்டம் கட்டும்போது வைத்த பெயர் நெடுங்கையர். ஊர் வைத்த பெயர் துறுதுறு ராஜா. அவர் குதிரையின் சலங்கைச் சத்தம் கேட்டால் போதும், நெசவாளர் தறியின் மேல் போர்வையைப் போடுவார்கள், சமையல்காரர் அடுப்பை அணைப்பார்கள், பால் கறக்கிறவள் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, "மாடா? எங்க வீட்ல மாடே இல்ல சாமி" என்பாள்.

கூடவே ஒரு மந்திரி. வில்லவராயர் என்று பெயர். ராஜா எதைச் சொன்னாலும் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்வது அவர் வேலை. அதைத் திறமையாகச் செய்தார்.

இனி, நாணற்குடிக்கு வருவோம்.

நாணற்குடி ஆற்றின் கடைசிக் கால்வாயில் இருந்தது. அங்கே காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். நாற்பது வயது. பேச்சு குறைவு. அவளுக்கும் சேர்த்து அவள் புருஷன் உத்தண்டி பேசினான். ஆனாலும் தை பிறந்தால் ஊர் முழுக்க அவள் வாயைத்தான் பார்க்கும். வாயை என்றா சொன்னேன்? தவறு, காலைப் பார்க்கும்.

ஏனென்றால் அந்த ஊரில் உளுந்து விதைக்கிற விதம் அப்படி. நெல் அறுத்த பிறகு உழுது விதைப்பதில்லை. நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால், நெல்லுக்கு நடுவே உளுந்தை வீசிவிடுவார்கள். பிறகு அறுக்கிறவர்கள் நடந்து நடந்து அதை மண்ணுக்குள் மிதித்துவிடுவார்கள். அவ்வளவுதான். உழவு இல்லை, தண்ணீர் இல்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மாசிப் பனியிலும் அது தானே வந்துவிடும்.

ஆனால் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளில் வீச வேண்டும். ஒரு நாள் முந்தினால் விதை சேற்றில் அழுகும். இரண்டு நாள் பிந்தினால் மண் இறுகி முளைக்காது.

அந்த நாளைக் காத்தாயியின் கால் சொல்லும். காலையில் வயலில் இறங்கி ஓர் அடி வைப்பாள். காலை எடுக்கும்போது சேறு கூடவே வந்தால், "இன்னும் இல்ல." கால் வைத்த தடமே விழாவிட்டால், "போச்சு." தடம் அச்சாக விழுந்து, கால் மட்டும் சுத்தமாக வெளியே வந்தால், "ஆச்சு."

அவள் "ஆச்சு" என்றால் வீட்டுக்கு வீடு விதைக்கூடை தெருவுக்கு வரும்.

அந்த வருஷம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு பயம் இருந்தது. கார்த்திகை வெள்ளத்தில் பாதி நெல் போய்விட்டது. மீதி நெல் பங்குனி வரைக்கும் வரும். அதற்குப் பிறகு அடுத்த தண்ணீர் வரும் வரை வயிற்றுக்கு உளுந்துதான். உளுந்தும் இல்லையென்றால் ஊர் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாணற்குடிக்கு மூன்று வயல்வெளி: மேட்டுவெளி, வடக்குவெளி, பள்ளவெளி. மூன்றிலும் விளைந்தால் வயிறார உண்ணலாம். இரண்டில் விளைந்தால் ஒருவழியாக உண்ணலாம். ஒன்றில் விளைந்தால் உயிரோடு இருக்கலாம்.

தை பத்தாம் நாள் காத்தாயி கால் வைத்தாள். எடுத்தாள். சுத்தமாக வந்தது. "ஆச்சு" என்றாள்.

கூடைகள் தெருவுக்கு வந்தன. கூடவே சலங்கைச் சத்தமும் வந்தது.

ராஜா வரப்பில் குதிரையை நிறுத்திப் பார்த்தார். பார்த்ததும் பதறிவிட்டார். "என்ன செய்கிறீர்கள்? விளைந்து நிற்கிற பயிரில் விதையைக் கொட்டுகிறீர்களே! வீட்டில் ஆள் இருக்கும்போதே இன்னொரு குடித்தனத்தைக் கொண்டுவந்து இறக்குவார்களா?"

"வழக்கம் சாமி" என்றாள் காத்தாயி.

ராஜா மந்திரியின் பக்கம் குனிந்தார். "வழக்கமாம். ரொம்ப நாளாகவே இப்படித்தான் இருக்கிறார்கள் போலிருக்கிறது. வெள்ளத்தில் நெல் போனது தலைக்கு ஏறிவிட்டது, பாவம். அரண்மனை வைத்தியரை வரச் சொல்லுங்கள். ஊர் முழுக்கக் குளிர்ச்சி எண்ணெய் தேய்க்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மந்திரி.

மூன்று நாள் தேய்த்தார்கள். ஆண், பெண், குழந்தை, கிழடு ஒருவர் பாக்கியில்லை. முதல் நாள் ஒரு குடம் எண்ணெய். இரண்டாம் நாள் இரண்டு குடம். மூன்றாம் நாள் வைத்தியருக்கே கை ஓய்ந்து, அவர் தலையில் அவரே தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உத்தண்டி எண்ணெய் வழிய வழிய வந்து, "ஏ புள்ள, பொய் சொல்லக் கூடாது, தூக்கம் நல்லாத்தான் வருது" என்றான்.

காத்தாயிக்கு எங்கே தூக்கம் வந்தது? மண் இறுகிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள் விடியும்போது, எண்ணெய்க் கையோடு ஊரே ஓடி விதைத்தது. தாழ்ந்த நிலமானதால் பள்ளவெளியில் மட்டும் இன்னும் ஈரம் இருந்தது. வடக்குவெளியில் ஏதோ இருந்தது. மேட்டுவெளியில் காத்தாயி கால் வைத்தாள், தடம் விழவில்லை.

"போச்சு" என்றாள்.

ஒரு வெளி போனது.

ஒரு வாரம் கழித்து அறுப்பு. வடக்குவெளியில் ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். மறுபடியும் சலங்கைச் சத்தம். ராஜா பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"விதையைப் போட்டீர்கள், சரி. போட்டதை மிதிக்கிறீர்களே! சாப்பிடுகிற பொருள் அல்லவா! அதற்கு எப்படி வலிக்கும்!"

"மிதிச்சாத்தான் சாமி முளைக்கும்" என்றாள் காத்தாயி.

"வேறு வழி தெரியாமல் சொல்கிறாய் அம்மா. நான் வழி செய்கிறேன்." மந்திரி பக்கம் திரும்பினார். "நம்முடைய பொய்க்கால் ஆட்டக்காரர்களை அனுப்புங்கள். மரக்காலில் நின்று அறுத்தால் விதை நசுங்காது."

"அப்படியே ஆகட்டும்."

பொய்க்கால் கட்டிய முப்பது பேர் வந்தார்கள். மேளம் இருந்தால்தான் நிற்க வரும் என்று சொல்லி மேளமும் வந்தது. மேளம் கொட்டினால் அவர்களுக்கு ஆட்டம் வந்தது, அரிவாள் வரவில்லை. குனிந்தால் விழுந்தார்கள். விழுந்தவனைத் தூக்கக் குனிந்தவனும் விழுந்தான். "விழுந்த இடத்துல மட்டும் உளுந்து நல்லா அழுந்தியிருக்கு" என்று உத்தண்டி எட்டிப் பார்த்துச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் குண்டான ஆளா அனுப்பியிருக்கலாம்."

மரக்கால்கள் முறிந்தன. ராஜா புது மரம் வெட்டிவரத் தாமே காட்டுக்குப் போனார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், காத்தாயி பள்ளவெளியைக் கை காட்டினாள். ஊரே அதில் இறங்கி, நிமிராமல், பேசாமல், நன்றாக மிதித்து மிதித்து ஒரே மூச்சில் அறுத்து முடித்தது.

அவர் திரும்புவதற்குள் நேரமில்லாததால் வடக்குவெளியில் மிதிபடாமல் மேலாகக் கிடந்த விதையைப் புறாக்கள் கண்டன. மூன்று நாள் தின்றன. அதற்குப் பிறகு அவற்றால் பறக்க முடியாமல் நடந்து போனதாகச் சொல்வார்கள்.

இரண்டாவது வெளியும் போனது.

மிச்சம் பள்ளவெளி ஒன்றுதான். உயிரோடு இருக்கலாம் என்று சொன்னேனே, அந்த ஒன்று.

பள்ளவெளி முளைத்தது. அறுத்த நெல் தாளுக்கு நடுவே முதலில் இரண்டிலை, பிறகு மூன்று மூன்று இலையாக, ரோமம் படர்ந்த பச்சை. மாசி பாதியில் மஞ்சளாகப் பூ எட்டிப் பார்த்தது. காத்தாயி தினமும் காலையில் வரப்பு வரைக்கும் போவாள், பார்ப்பாள், திரும்பிவிடுவாள். வயலுக்குள் கால் வைக்க மாட்டாள். இனிமேல் அவள் காலுக்கு அங்கே வேலையில்லை.

அப்போதுதான் மூன்றாவது முறை சலங்கை கேட்டது.

ராஜா இறங்கி வந்தார். மேல்மண் காய்ந்து வெடித்திருந்ததைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"யாராவது இதற்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தீர்களா?"

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் இருக்கும்போது பூத்த பயிர் தாகத்தில் நிற்பதா? நாளைக் காலையில் பெரிய ஏரியின் மதகைத் திறக்கிறேன். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கட்டும்!"

மந்திரி சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு உயிர் போய் வந்தது. பூத்த உளுந்தில் தண்ணீர் நின்றால் மூன்றே நாள். முதல் நாள் பூ உதிரும், இரண்டாம் நாள் இலை பழுக்கும், மூன்றாம் நாள் வேர் அழுகும். இது அங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ராஜாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

காத்தாயி நின்று யோசித்தாள். முதல் முறை "வழக்கம்" என்று சொன்னாள். பைத்தியம் என்று நினைத்தார். இரண்டாம் முறை "மிதிச்சாத்தான் முளைக்கும்" என்று சொன்னாள். வேறு வழி தெரியாதவள் பேச்சு என்று நினைத்தார். "வேண்டாம்" என்ற சொல் அவர் காதுக்குப் போகும் வழியில் "கூச்சப்படுகிறார்கள், இன்னும் கொஞ்சம் கொடு" என்று மாறிவிடுகிறது. இவரிடம் வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் அவளுக்கு நினைவு வந்தது. பெரிய ஏரியின் மதகுப் பலகையை ராஜாவின் கைதான் முதலில் பிடித்துத் தூக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாரும் தொட மாட்டார்கள். அது அந்த நாட்டு வழக்கம்.

அவள் முன்னால் வந்து கும்பிட்டாள். "சாமி, தண்ணி மட்டும் போதாது. உங்க கையே வேணும்."

ராஜாவின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! அத்தனை வருஷத்தில் அவர் கையை யாரும் கேட்டு வாங்கியதில்லை. "சொல் அம்மா, சொல்!"

காத்தாயி மடியிலிருந்து உளுந்து எடுத்தாள். வலது உள்ளங்கையில் பத்து, இடது உள்ளங்கையில் பத்து எண்ணி வைத்தாள். விரல்களை அவளே மடக்கினாள்.

"ஏழு நாள் இது உங்க கையில இருக்கட்டும். கையைத் திறக்கக் கூடாது. உங்க சூடு, உங்க அணைப்பு, உங்க கவனம் எல்லாம் இதுக்கு. தாகமா இருக்குமோன்னு தோணிச்சுன்னா கையோட தண்ணியில முக்கிக்கலாம். எத்தனை தடவை வேணாலும். வயலுக்கு அந்த ஏழு நாளும் ஒண்ணும் வேண்டாம். எட்டாம் நாள் காலையில இந்த இருபது உளுந்தையும் அந்த வயலையும் பக்கத்துல வச்சுப் பார்ப்போம். எது நல்லா இருக்கோ, அது மாதிரி செய்வோம்."

ராஜா சிரித்தார். "ஒன்றுமே கொடுக்காத வயல் எப்படியம்மா நன்றாக இருக்கும்? சரி, உன் திருப்திக்காக. வாக்குக் கொடுத்தேன்."

சொன்னவர் மூடிய கைகளோடு குதிரை ஏறப் போனார், முடியவில்லை. நான்கு பேர் தூக்கி வைத்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் உத்தண்டி கேட்டான். "ஏ காத்தாயி, ராசாவை ஏமாத்துறியா?"

"ஏமாத்தல. வேலை கொடுத்திருக்கேன்."

"ஏழு நாள்ல என்ன ஆயிடும்?"

"பூ பிஞ்சாயிடும்."

"எட்டாம் நாள் அவருக்குப் புத்தி வரலன்னா?"

அவள் விளக்கை ஊதி அணைத்தாள்.

முதல் நாள் ராஜாவுக்கு மூக்கு அரித்தது. மந்திரி சொரிந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் மேலே." "அப்படியே ஆகட்டும்." "அது கண், வில்லவராயரே." சோற்றை ஊட்டிவிட்டார்கள். ராணி ஊட்டினாள், ஐந்தாறு கவளம் கழித்து, "பிள்ளை பெறாத குறை இப்போதுதான் தீர்ந்தது" என்று சொல்லிச் சிரித்தாள். உளுந்துக்குத் தாகமாக இருக்குமோ என்று ராஜா அன்று பன்னிரண்டு தடவை கையைத் தண்ணீரில் முக்கினார்.

இரண்டாம் நாள் அவர் குயவர் தெருவுக்குப் போனார். குயவர்கள் பழக்கத்தில் சக்கரத்தை ஒளிக்க ஓடினார்கள். பிறகு அவர் மூடிய கையைப் பார்த்தார்கள், நின்றார்கள், மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ராஜா முதல் முறையாக ஒரு பானை முழுதாக எழும்பி வருவதைப் பார்த்தார். அதற்கு ஒரு வாய்தான் இருந்தது.

மூன்றாம் நாள் கோயில் மணி அடித்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் சரி செய்தது?" என்று கேட்டார். மணியக்காரர் நெளிந்தார். "கட்டை அவிழ்த்து விட்டோம் சாமி. அவ்வளவுதான்."

ராஜா அரண்மனைக்குப் போகவில்லை. கையில் வேலை இல்லாத மனிதனுக்கு வீடு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது அப்படி இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நேரே பள்ளவெளிக்கு வந்து வரப்பில் உட்கார்ந்துகொண்டார். "காவல் இருக்கிறேன்" என்று மந்திரியிடம் சொன்னார். கூடாரம் போட்டார்கள்.

நான்காம் நாள் போனது. ஐந்தாம் நாள் அனல்காற்று வந்தது.

மாசியில் அப்படி ஒரு காற்று எப்போதாவது வரும். உச்சிவேளைக்குப் பள்ளவெளி முழுக்க இலை துவண்டது. ஒரு செடி பாக்கியில்லாமல் தலை தொங்கியது.

ராஜா எழுந்தார். பார்த்தார். ஓடினார்.

மூடிய இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு ஏரிக்கரையை நோக்கி ஓடினார். பின்னாலேயே மந்திரி, அவர் பின்னால் குடைக்காரன், அவன் பின்னால் ஊர். ராஜா மதகுக்கு முன்னால் போய் நின்றார். பலகையைத் தூக்க வேண்டுமென்றால் கையைத் திறக்க வேண்டும். கையைத் திறந்தால் வாக்கு போய்விடும். திறக்காவிட்டால் பயிர் போய்விடும்.

"காத்தாயி! என் வாக்கை எனக்குத் திருப்பிக் கொடு!"

ஊர் அவளைப் பார்த்தது. உத்தண்டியே கிட்டே வந்து, "கொடுத்துடு புள்ள. இந்த வெயில்ல எனக்கே பயமா இருக்கு. தப்பிப்போச்சுன்னா ஊரு உன்னைத்தான் சொல்லும்" என்று முணுமுணுத்தான்.

காத்தாயிக்கும் பயமாகத்தான் இருந்தது. அவளும் அப்படி ஒரு காற்றை இரண்டு முறைதான் கண்டிருக்கிறாள். ஒரு முறை பயிர் பிழைத்தது. ஒரு முறை பிழைக்கவில்லை.

அவள் திரும்பி நடந்தாள். நேரே வயலுக்குள் இறங்கினாள். வெடித்த மண்ணைக் கால் கட்டை விரலால் தோண்டினாள். ஒரு விரல்கடை. இரண்டு விரல்கடை. மூன்றாவதில் காலை அழுத்தினாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

பிறகு நிமிர்ந்து, "சாமி, இங்க வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றாள்.

"ராஜா செருப்பைக் கழற்றுவதா!" என்றார் மந்திரி. அவர் "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லாதது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

ராஜா கழற்றினார். இறங்கினார். அவள் தோண்டிய குழியில் கால் வைத்தார். அவர் காலுக்கு அதுவரை யாரும் எந்த வேலையும் கொடுத்ததில்லை.

"என்ன தெரியுது சாமி?"

"சில்லென்று இருக்கிறது" என்றார் ராஜா. குரல் குழந்தை குரல் போல இருந்தது.

"அந்த அளவுதான் அதுக்கு வேணும். வெயிலுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது. நாளைக் காலை வரைக்கும் பொறுங்க. அப்பவும் தொங்கிக்கிட்டு இருந்தா, வாக்கை நானே திருப்பித் தர்றேன்."

ராஜா பொறுத்தார். அவர் அரசாண்ட காலத்தில் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். போருக்குப் போனதுகூட அதற்கு அடுத்தபடிதான்.

மறுநாள் விடியற்காலையில் அவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது பனி இறங்கியிருந்தது. ஒவ்வொரு இலையின் ரோமத்திலும் ஒரு துளி. துளி துளியோடு சேர்ந்து, கனத்து, இலையிலிருந்து காம்புக்கும் காம்பிலிருந்து தண்டுக்கும் வழிந்து, சத்தமில்லாமல் வேரடிக்குப் போனது. செடிகள் நிமிர்ந்து நின்றன.

"யார் ஊற்றியது?" என்று ராஜா கேட்டார்.

காத்தாயி வரப்பில் நின்றிருந்தாள். "யாரும் ஊத்தல சாமி."

அவர் அதற்குப் பிறகு இரண்டு நாள் வரப்பை விட்டு நகரவே இல்லை.

எட்டாம் நாள் காலை ஊர் கூடியது. பள்ளவெளியில் பூ இருந்த இடத்திலெல்லாம் விரல் நகம் அளவு பிஞ்சு, கொத்துக் கொத்தாக மேலே பார்த்து நின்றது. பக்கத்தில் ராஜா நின்றார். கையைத் திறக்கச் சொன்னார்கள். விரல்கள் நிமிரவில்லை. ராணி ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

நாற்றம் முதலில் வந்தது.

மந்திரி மூன்றடி பின்னால் போனார். குதிரை ஐந்தடி போனது. உத்தண்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "முதல் நாளே திறந்திருந்தா மாவாட்டி வடை தட்டியிருக்கலாம் சாமி" என்றான்.

உளுந்து இருபதும் ஊதி, தோல் கழன்று, வால் போல முளை விட்டு, அதுவும் கறுத்து, கூழாகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ராஜா அதையே பார்த்தார். ஊர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாகவே அடங்கிவிட்டது.

"இதற்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லையே" என்றார் ராஜா.

"வைக்கல சாமி" என்றாள் காத்தாயி. "அதனாலதான்."

ராஜா குனிந்து வாய்க்காலில் கையைக் கழுவினார். நீண்ட நேரம் கழுவினார். பிறகு நிமிர்ந்து, மேட்டுவெளியைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. வடக்குவெளியைப் பார்த்தார், அங்கே ஒரு கொழுத்த புறா மட்டும் நடந்துகொண்டிருந்தது. எதையோ புரிந்துகொண்டவர் போலக் காத்தாயியின் பக்கம் திரும்பினார்.

"அந்த இரண்டும் என் கையால் போனதுதானே?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"மதகைத் திறக்கவில்லை அம்மா. ஆனால் அரண்மனைக் களஞ்சியத்தைத் திறக்கலாமா? உன்னைக் கேட்காமல் செய்யப் பயமாக இருக்கிறது. இரண்டு வெளியில் விளைந்திருக்க வேண்டியதை அங்கிருந்து கொண்டுவந்து கொடுக்கட்டுமா? அல்லது அதுவும் அழுகிவிடுமா?"

காத்தாயிக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "அழுகாது சாமி. அதுக்குத்தான் ராசா கை வேணும். சீக்கிரம் திறங்க."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. மந்திரி தம்முடைய வேலை போய்விட்டதோ என்று திடுக்கிட்டுப் பார்த்தார்.

பங்குனியில் பள்ளவெளியில் காய் கறுத்தது. செடியோடு பிடுங்கி, களத்தில் காய வைத்து, தடியால் அடித்துத் தூற்றினார்கள். களஞ்சியத்திலிருந்து வண்டிகள் வந்தன. நாணற்குடியில் அந்த வருஷம் ஒருவரும் மூட்டை கட்டவில்லை. உளுந்தங்களி கிண்டினார்கள், முதல் உருண்டை ராஜாவுக்குப் போனது. அதை அவர் தம் கையாலேயே சாப்பிட்டார். அவ்வளவு ருசியாக ஒன்றை அவர் சாப்பிட்டதில்லை. ஏழு நாள் ராணி ஊட்டியதும் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவைத்தார், பக்கத்தில் ராணி இருந்ததால்.

அடுத்த தை வந்தது. காத்தாயி பள்ளவெளியில் கால் வைத்தாள். தூரத்தில் சலங்கைச் சத்தம் கேட்டது. கூடையை ஒளிக்க ஊர் ஓடவில்லை.

ராஜா வந்து வரப்பில் நின்றார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். வலது கை தப்பி ஓடிவிடுமோ என்று இடது கை அதன் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

"ஆச்சா?" என்று கேட்டார்.

காத்தாயி காலை எடுத்துப் பார்த்தாள். சேறு ஒட்டியிருந்தது. "இன்னும் இல்ல சாமி."

மறுநாளும் வந்தார். "இன்னும் இல்ல சாமி." அவர் திரும்பிப் போனார். முதுகுக்குப் பின்னால் விரல்கள் பத்தும் துடித்தன. ஆனால் ஒன்றும் முன்னால் வரவில்லை.

மூன்றாம் நாள் கால் சுத்தமாக வந்தது. "ஆச்சு" என்றாள் காத்தாயி. கூடையிலிருந்து ஒரு கை உளுந்தை அள்ளி நீட்டினாள். "இப்ப வீசுங்க சாமி."

ராஜா கையை முன்னால் கொண்டுவந்தார். வாங்கினார். நெல்லுக்கு நடுவே அழகாக வீசினார். உள்ளங்கையில் ஒன்றுகூட ஒட்டாமல் உதறினார். பிறகு கையை மறுபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குதிரையில் ஏறாமல், வரப்போரமாக நடந்தே போனார்.

அப்பா சாகும்போது சொல்லாமல் விட்ட மீதிச் சொல் என்னவாக இருக்கும் என்று அவர் போகிற வழியெல்லாம் யோசித்தாராம். அதை நான் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: உதவி செய்யத் தெரிந்த கைக்கு, எப்போது தொடாமல் இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.